ஆலந்தி முதல் பண்டரிபுரம் வரை

நெடுந்தொலைவு நடக்க எண்ணுவோர் புறப்படுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். எக்காலத்தில் புறப்படுவது? ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது? இரவில் எங்கே தங்குவது? சோறும் தண்ணீரும் எவ்வாறு கிடைக்கும்? நம்முடன் நடப்பவர் யாவர்? இவ்வைந்துக்கும் விடை தெரிந்துவிட்டால் பயணத்தின் பாதி முடிந்தது எனலாம்.

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு, இவ்விடைகள் ஆண்டுதோறும் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றன. முதல் மழை பெய்து மண் மணக்கும் நாட்களில், தாளமும் மிருதங்கமும் முழங்க, காவிக்கொடி பிடித்த உழவர் கூட்டம் நம் தெருக்களைக் கடந்து செல்கிறது. மாடத்தில் நின்று பார்க்கிறோம், குழந்தைகளுக்குக் காட்டுகிறோம், போக்குவரத்து நின்றுபோயிற்றே என்று முணுமுணுக்கவும் செய்கிறோம். அந்தக் கூட்டத்தின் பின்னே பல நூற்றாண்டுத் திட்டம் ஒன்று நடந்து செல்வதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ?

‘வாரி’ என்பது இப்பயணத்தின் பெயர். வாரி செல்பவர் ‘வார்கரி’. ஞானேசுவரர் 1296-ஆம் ஆண்டில் சமாதியடைந்த தலம் ஆலந்தி. அங்கிருந்து அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து, பீமா நதிக்கரையில் உள்ள பண்டரிபுரத்தை ஆஷாட ஏகாதசிக்கு அடைவர். துக்காராமின் பாதுகைகள் தேகு என்னும் ஊரிலிருந்து வேறொரு வழியாக வருகின்றன. துக்காராமின் மைந்தர் நாராயண மகராஜ் 1685-இல் இரு பெரியோரின் பாதுகைகளையும் ஒரே பல்லக்கில் வைத்து எடுத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்னரே மக்கள் நடந்து சென்றனர். பல்லக்கு பின்னர் வந்தது.

ஞானேசுவரர் பல்லக்கைத் தனியே பிரித்து, இன்று நாம் காணும் ஒழுங்கை அமைத்தவர் ஹைபத்பாபா என்பவர். சாத்தாரா வட்டாரத்து ஆர்பள் கிராமத்தில் பிறந்து, குவாலியர் சிந்தியாவின் அவையில் பணிபுரிந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவர் வகுத்த முறையில் படை நடத்தும் பழக்கம் தெளிவாகத் தெரிகிறது. நடப்போர் அனைவரும் ‘திண்டி’ என்னும் அணிகளாகப் பிரிந்தனர். (தின்பண்டம் என்று மயங்க வேண்டா!) ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் எண்; சில ரதத்துக்கு முன்னே, சில பின்னே. ஒவ்வொன்றிலும் வீணை ஏந்தியவர், தாளக்காரர், மிருதங்கக்காரர், கொடி பிடிப்போர், தலையில் துளசி மாடம் சுமக்கும் பெண்கள். பெல்காம் பகுதியைச் சேர்ந்த அங்கலியின் ஷிதோளே குடும்பத்தார் இரு குதிரைகளை அனுப்பும் வழக்கமும் நிலைபெற்றது. ஒன்றின் மேல் கொடி ஏந்திய வீரர் வருவார்; மற்றதன் மேல் எவரும் ஏறுவதில்லை. அது ஞானேசுவரருக்கு உரியது.

இனி நம் வினாக்களுக்கு வருவோம்.

காலத்தை உழவே முடிவு செய்கிறது. கேணியோரத்தில் விதைத்தவன், பயிர் தலைதூக்கும்வரை கிடைக்கும் இடைவெளியில் புறப்படுகிறான். ஊர் திரும்பும்போது களையெடுக்கும் பருவம் அவனுக்காகக் காத்திருக்கும்.

தொலைவையும் தங்குமிடத்தையும் முன்னோர் ஒன்றாகவே கணித்தனர். ஆலந்தியை விட்டபின் புனேயில் இரண்டு இரவு. பவானி பேட்டையில் உள்ள பால்கி விட்டோபா கோயிலே பல்லக்கின் இருப்பிடம். பின்னர் திவே மலைவழி ஏறிச் சாஸ்வட் சேரும் நாள்தான் மிகக் கடினமானது. 30 கிலோமீட்டருக்கு மேல் நடை, அதிலும் மலையேற்றம், போதாக்குறைக்கு அன்று ஏகாதசி விரதம்! ஆகவே சாஸ்வடிலும் இரண்டு இரவு. அதன்பின் எந்த நாளின் நடையும் அவ்வளவு நீள்வதில்லை. ஜேஜுரி, வால்ஹே, லோணந்த், தரட்காவ், பல்டண், பரட், நாதேபுதே, மாள்சிரஸ், வேளாபூர், பண்டிசேகாவ், வாகரி என்று ஊர்கள் மாலை போல் கோக்கப்பட்டுள்ளன. கால் பழகாத தொடக்க நாட்களிலேயே ஓய்வை வைத்து, இறுதி நாளின் நடையைச் சிறிதாக்கிய இத்திட்டத்தின் நுட்பம் கொப்புளம் கண்ட பாதங்களுக்கே விளங்கும். இடையிடையே ‘ரிங்கண்’ உண்டு. திறந்த வெளியில் மக்கள் வட்டமாக நிற்க, குதிரைகள் நடுவே ஓடும். சோர்ந்த கூட்டம் அந்த ஒரு நாழிகையில் குழந்தையாகிவிடுகிறது.

உணவையும் நீரையும் திண்டிகளும் வழியூர்களும் பகிர்ந்துகொள்கின்றன. பாத்திரங்களும் கூடாரங்களும் முன்னே போய்விடும்; முன்னாளில் மாட்டுவண்டியில், இந்நாளில் லாரியில். நடப்பவர் வந்து சேரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வழியூர்களில் பாக்ரி ரொட்டி சுட்டுக் கொடுப்போரும், கால் பிடித்துவிடுவோரும், செருப்புத் தைத்துக் கொடுப்போரும் காத்து நிற்பர்.

மாலையில் நிகழும் ஒன்று நம்மை மிகவும் கவர்ந்தது. தங்குமிடம் சேர்ந்ததும் ‘சமாஜ ஆரத்தி’ நடைபெறும். சோப்தார் எனப்படும் கட்டியக்காரர் வெள்ளித்தடியை உயர்த்தியதும், அத்தனை பெரிய கூட்டமும் அடங்கிவிடும். காணாமற்போன பொருட்கள் பற்றி அறிவிப்பர். ஆனால் குறை உடைய திண்டி மட்டும் தாளத்தை நிறுத்துவதில்லை. சோப்தார் அங்கே சென்று குறையைக் கேட்கும்வரை தாளம் ஒலித்துக்கொண்டேயிருக்கும். முறையீட்டுக்கு இதனினும் எளிய வழி உண்டோ? குறை கேளாமல் ஆரத்தி இல்லை!

எஞ்சியது ஐந்தாம் வினா. உடன் நடப்பவர் யாவர்?

வார்கரிகள் ஒருவரையொருவர் ‘மாவுலி’ என்று விளிப்பர். தாய் என்பது அதன் பொருள். வயதும் சாதியும் பாராமல் ஒருவர் காலை மற்றவர் தொடுவர். ஆயினும், புனேயில் வாழ்ந்த மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே (1905–1970) இவ்வழியில் நடந்தபோது வேறொன்றையும் கண்டார். பாடும்போது ஒன்றாயிருந்தவர்கள் உண்ணும்போது சாதிவாரியாகப் பிரிந்தனர். தாம் கண்ட இப்பிளவின் வேதனையை அவர் மறைக்காமல் எழுதினார். அக்கட்டுரையின் ஆங்கில வடிவம் 1962-இல் வெளிவந்தது. வாரியை நேசித்தவர் எழுதியது ஆகையால் அது நெஞ்சைச் சுடுகிறது.

பாதையின் முடிவில் இதனினும் பெரிய துயரம் நின்றது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகாமேளர், மகார் குலத்தில் பிறந்த அடியார். அவருடைய அபங்கங்களை வார்கரிகள் பாடிக்கொண்டே நடந்தனர். ஆனால் அவருக்குக் கோயிலுள் இடமில்லை. மங்களவேடாவில் சுவர் இடிந்து பலருடன் அவரும் மாண்டபோது, எலும்புகளில் விட்டல நாமம் ஒலிக்கக் கேட்டு நாமதேவர் அவற்றைத் தெரிந்தெடுத்தார் என்பது மரபு. அவ்வெலும்புகளுக்கு எழுந்த சமாதி கோயிலின் பெருவாயிலுக்கு வெளியே இருக்கிறது. அவர் வழியினரும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்து அவ்விடத்திலேயே நின்றனர். 250 கிலோமீட்டர் திறந்திருந்த வழி, கடைசிச் சில அடிகளில் மூடிக்கிடந்தது. நந்தனார் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாயிலைப் பற்றி எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அதனைத் திறக்க முயன்றவர் சானே குருஜி. ‘சியாமின் தாய்’ நூலின் ஆசிரியராக மராத்திய இல்லங்கள் அனைத்தும் அறிந்த அப்பள்ளியாசிரியர், மாதக்கணக்கில் மராட்டிய நாடெங்கும் சுற்றி ஆதரவு திரட்டியபின், 1947 மே மாதம் பண்டரிபுரத்திலேயே உண்ணாநோன்பு இருந்தார். வாயில் திறந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 சூலையில். எட்டாண்டு இடைவெளியில் வைகையும் பீமாவும் ஒரே செய்தியைச் சொல்லின. முன்னோர் தேதியையும் ஊர்களையும் அரிசியையும் நீரையும் கணித்தார்கள். கணிக்கத் தவறியது ஒன்று. அதனைப் பின்வந்தோர் திருத்தினர். கேட்கப்படாத தாளம் ஒன்று அறுநூறு ஆண்டுகள் வாயிலில் ஒலித்துக்கொண்டிருந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

நம் காலத்திலும் இத்திட்டம் சோதனைகளைக் கண்டது. 2020-லும் 2021-லும் பெருந்தொற்றினால் நடை நின்றது. பாதுகைகள் மட்டும் பேருந்தில் சென்றன. 2022-இல் மக்கள் மீண்டும் நடந்தனர். இவ்வழியை அகலப்படுத்தி நடப்போருக்கென்று ஓரத்தில் தனிப்பாதை அமைக்கும் பணிக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டிகள் பெருகிய சாலையில் நடப்பவனுக்கும் உரிமையுண்டு என்பதை ஒப்புக்கொண்டது நற்செய்தியே.

நம் குடியிருப்பு இளைஞர் சிலர் ஒரு நாளேனும் நடக்க விரும்புகின்றனர். புனேயிலிருந்து சாஸ்வட் வரையிலான நடையே அவர்களுக்கு ஏற்றது. புதிய செருப்பு வேண்டா, பழகியதே நலம். மழைக்கு ஒரு போர்வை, ஒரு தட்டு, ஒரு குவளை போதும். விடியுமுன் புறப்படுதல் வேண்டும். மலையடிவாரத்தில் தண்ணீர் நிரப்பிக்கொள்க. முன்கூட்டியே ஒரு திண்டியாரிடம் சொல்லி அவர்களுடன் சேர்ந்து நடக்க. தனியே முந்திச் செல்வது அவ்வழியின் ஒழுக்கமன்று. முதியோர் சாஸ்வடிலிருந்து பேருந்தில் திரும்பலாம்.

சோறு உண்ணும் வேளையில் மட்டும் நம்மவர் நாலுபேராக ஒதுங்கி, கொண்டுபோன புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தல் வேண்டா. விரதமில்லாதவர் அதனை முன்னதாகவே பகிர்ந்துவிடுக. பிறகு அவர்கள் தரும் சவ்வரிசி உப்புமாவைக் கைநீட்டி வாங்கி, அந்தப் பந்தியிலேயே அமர்ந்து உண்க. பிழைப்புக்காக வந்த ஊர், உடன் நடந்த ஊராவது அன்றுதான்.