வரி கட்டியவர் யார், சுமந்தவர் யார்? பேராக் தோட்டங்களும் நம் கடைகளும்

பேராக்கில் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிவாசலில் தொடங்கி, மதரஸாவைத் தொட்டு, கடைத்தெருவில் முடிப்பார்கள். கடைத்தெருவைப் பற்றிச் சொல்லும்போதும் யார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எந்த ஆண்டு கடை திறந்தார் என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்தக் கடைகளில் விலை ஏறியது ஏன், ஏறிய விலையைக் கடைசியில் கொடுத்தவர் யார் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. இந்தப் பொன்விழா மலரில் அதைக் கேட்டுப் பார்க்கிறோம்.

வரியைக் கருவூலத்தில் கட்டுபவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர். பொருளாதார நூல்கள் இதைப் பல பக்கங்களில் விளக்குகின்றன. 1377-இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூனுக்கும் இது தெரிந்திருந்தது. நகர வாயிலிலும் சந்தையிலும் வாங்கும் சுங்கத்தை வியாபாரிகள் தங்கள் செலவோடு சேர்த்துச் சரக்கின் விலையில் வைத்துவிடுகிறார்கள் என்று அவர் எழுதினார். கடை வைத்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏற்றுமதி வரியில் சுமை எதிர்த்திசையில் ஓடும். ரப்பர் விலையை நிர்ணயித்தவை லண்டனும் நியூயார்க்கும். பினாங்கில் கப்பலேற்றுபவர் வரியைக் கட்டினாலும், அதைக் கழித்துக்கொண்டுதான் உள்ளூர் வியாபாரிக்கு விலை கொடுப்பார். அவர் தம் பங்குக்குக் கழித்துக்கொண்டு சிறுதோட்டக்காரரிடம் ஷீட் வாங்குவார். சிறுதோட்டக்காரர் யாரிடம் கழிப்பது? மரத்திடமா?

இந்த நாட்டின் ரப்பருக்குப் பேராக்தான் தொட்டில்களுள் ஒன்று. கோலாகங்சாரில் 1877-இல் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ரப்பர் தேவைக்கு மேல் விளைந்து, முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தது. அப்போது லண்டனில் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழு கூடி, ஏற்றுமதி வரியையே கடிவாளமாக்கும் திட்டத்தை வகுத்தது. 1922 நவம்பர் 1 முதல் அது மலாயாவிலும் இலங்கையிலும் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடிப்படை விளைச்சல் குறிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டை மட்டுமே குறைந்த வரியில் அனுப்பலாம். மீறினால் வரி படிப்படியாக ஏறும். பெரிய எஸ்டேட்டுகள் கணக்குப் புத்தகத்தைக் காட்டின. புத்தகம் வைத்திராத சிறுதோட்டக்காரருக்கு அதிகாரி மதித்த அளவே அளவு. அது குறைவு என்ற முறையீடு கடைசிவரை ஓயவில்லை.

திட்டம் முதலில் பலித்தது. ஒரு ஷில்லிங்குக்குக் கீழே கிடந்த ஒரு ராத்தல் ரப்பர் 1925-இல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. உலக ரப்பரில் மூன்றில் இரு பங்குக்கு மேல் வாங்கியது அமெரிக்கா. ஆகவே அந்த ஆண்டு சுமை அமெரிக்கக் கார்க்காரர்மேல் விழுந்தது. அங்கே வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கொதித்தெழுந்தார். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும், ஃபோர்டு பிரேசிலுக்கும் ரப்பர் பயிரிடப் போனார்கள். திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகளின் சிறுதோட்டக்காரர்கள் தாராளமாகப் பால் வெட்டி விற்றார்கள். நகர முடிந்தவர் நகர்ந்துவிட்டார்! 1928 அக்டோபர் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

நகர முடியாதவர் லயத்தில் இருந்தார். 1928-இல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் அது 40, 32 என்று வெட்டப்பட்டது. 1932-இல் ரப்பர் இரண்டு பென்ஸுக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான்கு ஷில்லிங் காலத்து லாபம் பங்குதாரர்களுக்குப் போனது. இரண்டு பென்ஸ் காலத்து நட்டம் கூலியில் வெட்டாகவும் கப்பல் சீட்டாகவும் வந்தது.

நம் கடைகளின் கதை இங்கேதான் இணைகிறது. 1934 மே மாதத்தில் லண்டனில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, டச்சுக்காரரையும் சேர்த்துக்கொண்ட அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. மற்றொன்று, குடியேற்ற நாடுகளில் ஜப்பானியப் பருத்தித் துணிக்கும் செயற்கைப் பட்டுக்கும் இறக்குமதி ஒதுக்கீடு. 1927 முதல் 1931 வரையிலான சராசரியே வரம்பு. லங்காஷயர் ஆலைகளைக் காப்பது நோக்கம். அதற்கு முந்திய மந்த காலத்தில்தான் ஜப்பான் துணி மலாயாவில் வெள்ளமாக வந்து, தோட்டத்து மக்களின் கூலிக்கு எட்டிய துணியாக இருந்தது. இதனால் மலாயாவில் எதிர்ப்பு எழுந்தும் முடிவு மாறவில்லை.

ஒதுக்கீட்டில் ஒரு விசேஷம் உண்டு. வரியானால் ஏறிய விலையில் ஒரு பகுதியாவது கருவூலத்துக்குப் போகும்; அதில் ஓர் ஆஸ்பத்திரி கட்டலாம். ஒதுக்கீட்டில் அந்த வித்தியாசம் அனுமதி பெற்ற இறக்குமதியாளரின் பைக்குப் போகலாம். ஈப்போவில் சில்லரைக்கு விற்றவர் அந்த அனுமதிக்கு வெகு தூரத்தில் இருந்தார். அவரிடம் வாங்கி, மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போன நம் ஜவுளி வியாபாரி இன்னும் தூரத்தில் இருந்தார். சம்பள நாளில் வசூலிக்கும் கடன் வியாபாரம் அது. துணி விலை ஏற, கூலி ஏறாதிருந்தால், நோட்டில் பாக்கி நீளும். கங்காணியும் குடும்பமும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் பாக்கி கடைக்காரரோடு நிற்கும். ஏற்ற முடிந்தவரை நம்மவர்களும் விலையில் ஏற்றித்தான் விற்றார்கள். வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஏற்ற முடியாததை அவர்களே விழுங்கினார்கள். பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் கொடுத்த வள்ளல்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறோம். அந்த லாபத்தில் தோட்டத்துப் பெண்ணின் 32 காசும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்ல இம்மலரில் இடமுண்டு என்று நினைக்கிறோம்.

ரப்பர் கட்டுப்பாட்டை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பி. டி. பாவர், போருக்குப் பின் மலாயாவுக்கு வந்து பார்த்து, 1948-இல் தம் நூலை வெளியிட்டார். ஒதுக்கீடுகள் பெரிய தோட்டங்களுக்குச் சாதகமாகவும் சிறுதோட்டக்காரருக்குப் பாதகமாகவும் அமைந்தன என்பது அவர் முடிவு. கம்பத்து மக்கள் அதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் எழுதியபின் அது ஆராய்ச்சியாயிற்று!

அண்மைக் காலத்தில் இந்த ஆராய்ச்சி மேலும் கூர்மையடைந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளை மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகியோர் ஆராய்ந்து, சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க வாங்குவோர்மீதே விழுந்தது என்று கண்டார்கள். அதே ஆண்டு துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வரி போட்டபோது, வரியே இல்லாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது என்று இன்னோர் ஆய்வு காட்டியது. இரண்டும் ஜோடியாக விற்பனையாகுபவை.

அந்த ஆய்வாளர்களுக்குச் சுங்கப் பதிவுகளும் கடை விலைகளும் மாதவாரியாகக் கிடைத்தன. 1934-இல் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பம் ஒரு சேலைக்கு என்ன கொடுத்தது என்பதை அறிய நம் கடைகளின் பற்று வரவு நோட்டுகளைத்தான் தேட வேண்டும். அரபுத்தமிழிலோ தமிழிலோ எழுதிய அத்தகைய நோட்டுகளைப் பரணில் வைத்திருக்கும் குடும்பத்தார் அவற்றைப் பழைய காகிதத்துக்குப் போட்டுவிட வேண்டாம். சங்க அலுவலகத்தில் கொடுத்தால் படியெடுத்துக்கொண்டு, இன்ஷா அல்லாஹ், பத்திரமாகத் திருப்பித் தருவோம். கடன்பட்டவர்களின் பெயர்களை வெளியிட மாட்டோம்.