'ஸ்லாப் போட்டாச்சு' என்றால் என்ன அர்த்தம்? ரியல் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கான கட்டுமான அடிப்படைகள்

"அஞ்சாவது ஸ்லாப் போட்டாச்சு சார், அடுத்த தவணையைக் கட்டிடுங்க."

கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு விற்பவர் நீங்கள் என்றால், இந்த வரியைப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். வாங்கியவர் என்றால், பலமுறை கேட்டிருப்பீர்கள். இந்த ஒரு வரியை நம்பித்தான் வங்கி சில லட்சங்களை விடுவிக்கிறது.

ஆனால், எவ்வளவு வேலை முடிந்தது என்பதை மட்டும்தான் இந்த வரி சொல்கிறது. எப்படி முடிந்தது என்பதைச் சொல்வதில்லை.

ஏஜெண்டுக்கு இது எதற்கு?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி (ரெரா), பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவையின் தரத்தைப் பற்றியோ, இல்லாத அனுமதியைப் பற்றியோ பொய்யாகச் சொன்னால் அது முறையற்ற வணிகம். பதிவே ரத்தாகலாம். 'பில்டர் சொன்னார், நான் சொன்னேன்' என்று நழுவிவிட முடியாது.

அஸ்திவாரம்: முதலில் மண்

எந்த வகை அஸ்திவாரம் வேண்டும் என்பதை மண்தான் முடிவு செய்கிறது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். அதனால் முதலில் கேட்க வேண்டியது மண் பரிசோதனை அறிக்கை. பக்கத்து மனையின் அறிக்கையைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கம்பி: மூடும் முன் பாருங்கள்

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே விடும் கனம்தான் 'கவர்'. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456:2000-இன்படி, சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்குக் குறைந்தது 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. வேண்டும். கடலோரம் என்றால் ஸ்லாபுக்கு இன்னும் அதிகம். இந்த இடைவெளியைக் காப்பது கம்பிக்கு அடியில் வைக்கும் சின்ன கவர் பிளாக். அதற்குப் பதிலாக உடைந்த ஜல்லியைச் சொருகியிருந்தால், கான்கிரீட் கொட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. கம்பி துருப்பிடித்து, ஸ்லாபின் அடிப்பகுதி பெயர்ந்து விழும்போதுதான் தெரியும்.

கான்கிரீட்: 28 நாள் கணக்கு

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்20. கடலோரச் சூழலில் எம்30. எம்20 என்றால், 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை. இதைச் சோதிக்க, கான்கிரீட் போடும் அன்றே 150 மி.மீ. அளவுள்ள கனசதுரங்களை வார்த்து எடுத்துவைப்பார்கள். 16 முதல் 30 கன மீட்டர் வரை போட்டால், குறைந்தது 3 மாதிரிகள் எடுக்க வேண்டும்.

'ஸ்லாப் போட்டாச்சு' என்று தவணை கேட்டுச் செய்தி வருவது முதல் வாரத்தில். அந்த ஸ்லாபின் ரிசல்ட் வருவதோ 28-ஆம் நாள்!

தண்ணீரும் முட்டும்

ஸ்லாபுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்ட் என்றாலோ, கடும் வெயில் என்றாலோ 10 நாள். சென்ட்ரிங் முட்டுகளுக்கும் கணக்கு உண்டு. 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கலப்பு சிமெண்ட் என்றால் இன்னும் கூடுதல் நாள் தேவைப்படலாம். அடுத்த மாடி வேலைக்காக முட்டை அவசரமாக உருவினால், ஆபத்து கீழே இருக்கும் மாடிக்கு.

குருகிராம் சொல்லும் பாடம்

2022 பிப்ரவரியில் குருகிராமின் 109-வது செக்டாரில், மக்கள் குடியிருந்த அடுக்குமாடி ஒன்றின் தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. 2 பெண்கள் இறந்தார்கள். பின்னர் ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி., கான்கிரீட்டில் குளோரைடு அதிகமாக இருந்ததையும் கம்பிகள் அரித்துப் போயிருந்ததையும் கண்டறிந்தது. குளோரைடு என்பது உப்பு சமாச்சாரம். அதனால்தான் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. பூச்சும் பெயிண்டும் பளிச்சென்று இருக்கும் வீட்டில், இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

சட்டம் எதைக் காக்கிறது?

விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தந்த பிறகே, முடிந்த வேலைக்கு ஏற்ப அதை எடுக்கலாம். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து சொன்னால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பணம் எடுப்பதற்கான அந்தச் சான்று, வேலை எவ்வளவு நடந்தது என்பதற்கானது. கான்கிரீட் எவ்வளவு வலுவானது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

அடுத்த தவணைக்கு முன் கேட்க வேண்டியவை

அஸ்திவாரக் கட்டத்தில்: இதே மனையின் மண் பரிசோதனை அறிக்கை.

ஒவ்வொரு ஸ்லாபுக்கும்: கான்கிரீட் போடும் முன் தேதியோடு எடுத்த கம்பி, கவர் பிளாக் படங்கள், முந்தைய ஸ்லாபின் 28 நாள் சோதனை முடிவு, முட்டு பிரித்த தேதி.

தண்ணீருக்கு: சைட்டில் பயன்படுத்தும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை.

பூச்சுக்கு முன்: சுவருக்குள் போகும் குழாய், வயர் பாதைகளின் படங்கள்.

ஒழுங்காக நடக்கும் சைட்டில் இந்தக் காகிதங்கள் எஞ்சினியரின் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும். கேட்டால் ஒரு நாளில் கைக்கு வந்துவிடும். வரவில்லை என்றால், 'ஸ்லாப் போட்டாச்சு' என்ற செய்தியை நீங்கள் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.