சீஃபூ பள்ளியில் பெற்றோர் ஸ்தானத்தில் நின்றவர்கள்

சீனத்தின் வடபுறக் கடற்கரையில், இந்நாளில் யெண்டாய் என்று வழங்கும் சீஃபூ துறைமுகத்தில், ஹட்ஸன் டெய்லர் என்னும் ஆங்கில மிஷனரி 1881-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அவர் 1865-இல் ஸ்தாபித்த சீன உள்நாட்டு மிஷனின் ஊழியர்கள், கடற்கரையிலிருந்து பல வாரப் பிரயாண தூரத்தில், மேலை மாகாணங்களின் உட்பகுதிகளில் சிதறி வாழ்ந்தமையால், அவர்களுடைய குழந்தைகள் ஆறேழு வயதிலேயே படிப்பையும் தேகாரோக்கியத்தையும் முன்னிட்டு இங்கே அனுப்பப்பட்டார்கள். தூரத்துப் பிள்ளைகளுக்குத் தாய்தந்தையரின் முகம் காணாமலே வருஷங்கள் கழிவது சகஜம். 'டைம்' பத்திரிகையை நிறுவிய ஹென்றி லூஸ் அங்கே பயின்றவர் என்பது பலர் அறிந்த செய்தி. ஆனால் என் மனம் நாடுவதோ, குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டு, காய்ச்சலின்போது கண்விழித்துக் காத்து, பெற்றோர் ஸ்தானத்தில் நின்ற ஆசிரியர்களையே. அவர்களில் பலர் மணம் புரியாத பெண்மணிகள்.

அவர்களுடைய தொண்டின் முழு உருவமும் யுத்த காலத்தில்தான் வெளிப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் பிரிட்டன், அமெரிக்காவுக்கு எதிராகவும் போரில் இறங்கியதும் பள்ளி ஜப்பானியர் காவலுக்குள் வந்தது. மறு ஆண்டு நவம்பரில் ஆசிரியரும் மாணவரும் ஊருக்குள்ளேயே வேறிடத்தில் சிறை வைக்கப்பட்டு, 1943 செப்டம்பரில் வெய்ஷியன் என்னும் ஊரிலிருந்த ஜப்பானியர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 1500 பேர் அடைபட்டிருந்த அம்முகாமில், குதிரைக்கும் கழுதைக்கும் இடுகிற சோளத்தைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சோப்புப் பெட்டியிலும் தகர டப்பாவிலும் வாங்கிக் குடிக்க நேர்ந்த குழந்தைகளிடம், அரண்மனைக்கு ஒரு மரியாதை, முகாமுக்கு ஒரு மரியாதை என்று இரண்டு கிடையாது என்று அந்த ஆசிரியைகள் கண்டிப்பாகச் சொல்லி, முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து உண்ணச் செய்தார்கள். மதில்மேலாகக் கள்ளத்தனமாய் வந்த முட்டைகளின் ஓட்டையும் வீணாக்காமல் பொடித்து, வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று, முகஞ்சுளிக்கும் பிள்ளைகளுக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். குளிர்காலத்தில் கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்து உலர்த்துவது சிறுமியரின் வேலை. அதையும், யாருடைய அடுப்பு முதலில் செந்தணலாகும் என்ற போட்டியாக மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் மூட்டைப்பூச்சி வேட்டை நடந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு வினாத்தாள் வர வழியில்லாத நிலையில் ஆசிரியர்கள் தாங்களே தயாரித்து எழுதவைக்க, யுத்தம் முடிந்தபின் அப்பல்கலைக்கழகம் அதை அங்கீகரித்தது. நாளைக்கு என்ன ஆகுமென்று தாங்களே அறியாத மனிதர்கள், குழந்தைகளின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஒழுங்கைப் படைத்துத் தந்தார்கள். அந்த நியமங்களுக்குள் இருந்தது தூய வாத்ஸல்யம் என்பதே என் அபிப்பிராயம்.

பள்ளியைச் சேராத ஒருவரும் இந்தத் தொண்டில் கூடினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், நூறு மீட்டர் முதற்சுற்று கர்த்தருக்குரிய ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்பதற்காகவே அதை விட்டுவிட்டு, நானூறு மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடல், அதே முகாமில் கைதியாக இருந்தார். ஞாயிறன்று மேற்பார்வையில்லாத ஹாக்கி ஆட்டத்தில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கண்டு, அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். அவருடைய மனைவியும் பெண் குழந்தைகளும் கனடாவில். கடைசிக் குழந்தையை அவர் கண்ணால் கண்டதேயில்லை. முகாம் முழுதும் 'அங்கிள் எரிக்' என்று அழைக்கப்பட்ட அந்த மனிதர், மூளையில் வளர்ந்த கட்டியால் 1945 பிப்ரவரி 21-ஆம் தேதி காலமானார். ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஏழு பேர் அடங்கிய அமெரிக்க மீட்புக் குழு பாராசூட்டில் இறங்கி முகாமை விடுவித்தது.

ஆசிரியர்களின் அன்பை எவ்வளவு போற்றினாலும், ஆறு வயதுக் குழந்தையைத் தாயினின்று பிரித்த வழக்கத்தை நியாயமென்று கொள்ள என் மனம் இசையவில்லை. பிற்காலத்தில் அப்பள்ளியின் பழைய மாணவர்களில் சிலர் நன்றியையும், சிலர் ஆறாத துக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டும் உண்மையே. ஹட்ஸன் டெய்லரின் கொள்ளுப்பேரர் நால்வர் ஐந்தரை வருஷப் பிரிவுக்குப்பின் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பிள்ளைகளுடைய பால்பற்கள் விழுந்ததையும் சட்டைகள் குட்டையானதையும் கண்டிருந்தவர்கள் ஆசிரியைகளே. இழந்த அந்த வருஷங்களைத் தாய்க்கு யாரும் திருப்பித் தர இயலவில்லை.

யுத்தத்திற்குப் பின்னும் வழக்கம் நின்றுவிடவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சியில் சீனாவை விட்டு வெளியேறிய பள்ளி, தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலை பறித்துவந்த மலாயாவின் கேமரன் மலையில் மறுபடி நிறுவப்பட்டு, விடுதி வாழ்க்கையோடு 2001 வரை நடந்தது.