சுவிட்சும் பல்பும் நேரடியாகப் பேசிக்கொண்ட கதை

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். கரண்ட் இருக்கும்வரை இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் ஒயர் இல்லாத 'ஸ்மார்ட் ஹோம்' கருவிகள் வந்த பிறகு ஒரு கேள்வி முளைத்தது. சுவிட்ச் சொல்வது பல்புக்கு நேராகப் போகிறதா, இல்லை எங்கோ இருக்கும் ஒரு சர்வரைச் சுற்றிவிட்டு வருகிறதா?

கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. அங்கே கிளென்ராத்தஸ் என்ற ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டு மின்கம்பி வழியாகவே 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் போகும். 16 எழுத்துகள், 16 எண்கள், ஆக மொத்தம் 256 முகவரிகள். இரண்டு விளக்குகளுக்கு ஒரே முகவரியை வைத்தால் இரண்டும் சேர்ந்து எரியும். குழு அமைப்பது அவ்வளவு சுலபம்! தொல்லையும் அதிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால், அவர் பட்டனை அழுத்த, இங்கே விளக்கு எரியும்.

பிறகு ரேடியோ அலைகளின் காலம் வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1999-இல் தொடங்கப்பட்ட சென்சிஸ் நிறுவனம் இசட்-வேவ் முறையைக் கொண்டுவந்தது. 2002-இல் ஜிக்பி கூட்டமைப்பு உருவாகி, 2004-இல் தன் முதல் விதிமுறையை முடித்தது. (தேனீக்கள் ஆடும் நடனத்தை வைத்துத்தான் ஜிக்பி என்று பெயர்!)

இவற்றில் இரண்டு நல்ல யோசனைகள் இருந்தன.

முதலாவது, நேரடி இணைப்பு. ஜிக்பியில் 'பைண்டிங்', இசட்-வேவில் 'அசோசியேஷன்' என்று பெயர். "என்னை அழுத்தினால் இந்த பல்புக்குச் சொல்" என்ற குறிப்பு சுவிட்சின் நினைவகத்திலேயே எழுதப்பட்டுவிடும். அதன்பின் நடுவில் ஹப் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

இரண்டாவது, குழு. பத்து பல்புகளுக்குப் பத்து தடவை தனித்தனியாகச் சொன்னால், சோளம் பொரிவது போல ஒவ்வொன்றாக எரியும். அதற்குப் பதில் பத்துக்கும் ஒரே குழு எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒரே செய்தி போதும், எல்லாம் ஒன்றாக எரியும். ஒரு குறை உண்டு. தனியாகச் சொன்னால் பல்பு "கிடைத்தது" என்று பதில் தரும். குழுவாகச் சொன்னால் அந்தப் பதில் வராது.

இவ்வளவு வசதி இருந்தும் பல நிறுவனங்கள் வேறு வழியில் போயின. எல்லாவற்றையும் ஹப்புக்கும் சர்வருக்கும் கொண்டுபோனால் மொபைலிலிருந்து இயக்கலாம், வாடிக்கையாளரும் கையை விட்டுப் போகமாட்டார். இதன் விலை பின்னால்தான் தெரிந்தது.

ரெவால்வ் என்ற ஹப் 300 டாலருக்கு விற்றது. 2014-இல் நெஸ்ட் நிறுவனம் ரெவால்வை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய ஹப் வெறும் டப்பாவானது!

2022 ஏப்ரலில் இன்ஸ்டியானின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. மொபைல் ஆப் வேலை செய்யவில்லை. ஆனால் ஏற்கெனவே நேரடியாக இணைத்து வைத்திருந்த சுவிட்சுகளும் விளக்குகளும் வழக்கம்போல இயங்கின. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி, சேவையை மறுபடி தொடங்கினார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். குறிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் உரிமையும் இருக்கிறது.

அதற்காக ஹப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. "இருட்டிய பிறகு மட்டும் எரி", "வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அணை" போன்ற நிபந்தனைகளை நேரடி இணைப்பு மட்டும் பார்த்துக்கொள்ளாது. சுவிட்சின் நினைவகமும் சிறியது. அதில் சில இணைப்புகளுக்குத்தான் இடம் இருக்கும்.

2022 அக்டோபரில் வெளியான மேட்டர் விதிமுறையிலும் குழு, பைண்டிங் இரண்டும் இடம்பெற்றன. ஆனால் விதிமுறையில் இருப்பதெல்லாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு கருவியிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆகவே நண்பர்களே, வாங்கும்முன் விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள். இந்தக் கம்பெனி நாளை கடையை மூடினால், இந்த சுவிட்ச் அந்த பல்பை எரிய வைக்குமா?