சூளை வேலையும் சர்க்கரை நோயும்

உடல் உழைப்பாளிக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டை வேலையைக் கவனித்தால், அந்த நம்பிக்கை எங்கே இடறுகிறது என்பது புரியும்.

மின்கம்ப இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, பொம்மை என்று பலவும் செய்யும் ஊர் இது. பீங்கான் தொழில் என்றதும் தூசும் நுரையீரலும்தான் பேசப்படுகின்றன. அது சரியான கவலையே. சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுக் கொழுப்பு ஆகியவற்றை யாரும் அந்தத் தொழிலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

களிமண் சுமப்பவருக்கு வேர்க்கிறது, உண்மை. ஆனால் அச்சிலிருந்து எடுத்த பொம்மையைச் சீவுகிறவரும் வர்ணம் தீட்டுகிறவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். கை ஓயாமல் வேலை செய்தாலும் தொடைத் தசைகள் சும்மா இருக்கின்றன. சாப்பிட்ட உணவின் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது அந்தப் பெரிய தசைகள்தாம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரியும்.

சூளையில் இரவு ஷிப்ட் பார்ப்பவரின் நிலை வேறு. நடுநிசிக்குப் பின் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. பகலில் சாப்பிடும் அதே சோற்றை இரவு 2 மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரவில் சுண்டலோ முட்டையோ போதும் என்று வைத்துக்கொள்வது நல்லது. பகல் தூக்கம் குறைந்தாலும் பசி கூடும்; பகலில் அவர் தூங்கும் அறையில் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வது வீட்டார் பொறுப்பு.

அனலில் தாகத்துக்கு டீயும் கலர் பானமும் குடிக்கிறோம். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரே போதும்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சர்க்கரை தாழ்ந்தாலும் வேர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். சூளை பக்கத்தில் நிற்பவர் அதை அனல் என்று நினைத்து விட்டுவிடக்கூடும். அளவு 70-க்குக் கீழ் என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பரிசோதிக்கக் கருவி இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் குடித்துவிடலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ரமலானில் நோன்பு வைக்க நினைப்பவர்கள் ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் பரிசோதனை செய்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் என்றால், மறு பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு பட்டறைகள் பொதுவாக இஎஸ்ஐ வரம்புக்குள் வராததால், அங்குள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.