கணப்படுப்புத் தளம்

கணப்படுப்புத் தளம் என்பது, அறையைச் சூடாக்குவதற்காகச் சுவரில் அமைக்கப்படும் கணப்படுப்பின் உட்புறத்திலும் முன்புறத்திலும் உள்ள, தீப்பற்றாத பொருட்களாலான தரைப்பகுதி ஆகும். எரியும் விறகு அல்லது நிலக்கரியின் வெப்பத்தைத் தாங்குவதும், தெறித்து விழும் தணல் மரத்தரையையோ கம்பளத்தையோ அடையாமல் தடுப்பதும் இதன் பணிகள் ஆகும். குளிர் நாடுகளின் பழைய வீடுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உதகமண்டலம், கொடைக்கானல், நுவரெலியா முதலிய மலை நகரங்களில் கட்டப்பட்ட வீடுகளிலும் கணப்படுப்புகள் உண்டு. இக்கட்டுரை, இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இத்தளத்தைத் திருத்தி அமைத்து, டைல்ஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் தள ஓடுகளைப் பதிக்கும் முறையை விளக்குகின்றது.

வரலாறு

இங்கிலாந்தில் 1662 முதல் 1689 வரை, ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 சில்லிங் என்ற அளவில் அடுப்பு வரி வசூலிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில், விக்டோரியா அரசியின் காலத்து வீடுகளில், வண்ண ஓடுகள் பதித்த தளங்கள் பெருகின. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தைத் தொடர்ந்து, 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், வீடு முழுவதையும் சூடாக்கும் மைய வெப்பமூட்டல் முறையும் பரவியதால், பல கணப்படுப்புகள் பலகையாலும் செங்கல்லாலும் அடைக்கப்பட்டன. அவ்வாறு அடைத்தபோது சில வீடுகளில் தளமும் பெயர்க்கப்பட்டு, அவ்விடத்தில் மரப்பலகை இடப்பட்டது. இவ்வடுப்புகளை மீண்டும் திறப்போர் தளத்தையும் புதிதாக அமைக்க வேண்டியுள்ளது.

அமைப்பு

தளம் இரு பகுதிகளைக் கொண்டது. நெருப்பு எரியும் குழிவினுள் அமைவது உள்தளம். அறைக்குள் நீண்டிருப்பது முன்தளம். ஓடுகள் பெரும்பாலும் முன்தளத்திலேயே பதிக்கப்படுகின்றன. உள்தளத்துக்குத் தீச்செங்கல் அல்லது வெப்பம் தாங்கும் கான்கிரீட் ஏற்றது.

பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில், முன்தளத்தைச் சுற்றித் தரைக்கு அடியில் ஒரு சிறு செங்கற் சுவர் எழுப்பி, அதனுள் கல்லும் இடிபாடும் நிரப்பி, மேலே கற்பலகை இடுவது வழக்கம். மேல்மாடிகளில், புகைபோக்கிச் சுவருக்கும் தரையைத் தாங்கும் மரச்சட்டத்துக்கும் இடையே கட்டப்படும் செங்கல் வளைவு தளத்தைத் தாங்குகின்றது.

கண்ணுக்குத் தெரிவது ஓடு மட்டுமே. ஆயினும் வீட்டைக் காப்பது அதன் அடியிலுள்ள தடித்த அடித்தளமே ஆகும். ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்புள்ள ஓடு வெப்பத்தை எளிதில் கீழே கடத்திவிடும். நீண்ட காலம் சூடாக்கப்படும் மரம் மெல்லக் கரியாகி, வழக்கத்தை விடக் குறைந்த வெப்பநிலையிலும் தீப்பற்றக்கூடும்.

அளவுகள்

இங்கிலாந்தின் கட்டிட விதிகளுக்கான வழிகாட்டி, திண்ம எரிபொருள் எரிக்கும் குழிவடுப்பின் தளத்துக்குப் பின்வரும் அளவுகளைத் தருகின்றது.

* தீப்பற்றாத அடித்தளத்தின் தடிப்பு குறைந்தது 125 மி.மீ.
* அடுப்புக் குழிவுக்கு முன்புறம் குறைந்தது 500 மி.மீ. நீட்சி
* குழிவின் இரு பக்கங்களிலும் குறைந்தது 150 மி.மீ. நீட்சி

தளத்துக்கு அடியில் மரம் இருப்பின், இடையே 50 மி.மீ. காற்றிடைவெளி இருத்தல் வேண்டும். அல்லது அம்மரம் தளத்தின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 250 மி.மீ. கீழே இருத்தல் வேண்டும். கம்பளம் போன்றவை நெருங்கி விரிக்கப்படாதவாறு, தளத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் வழிகாட்டி கூறுகின்றது. எனவே ஓடு பதிப்பது அழகுக்காக மட்டும் அன்று. அது எல்லையையும் காட்டுகின்றது.

திருத்தி அமைக்கும் முறை

# உடைந்த ஓடுகளையும் பழைய சாந்தையும் உளி கொண்டு அகற்ற வேண்டும்.
# அடித்தளத்தின் தடிப்பை அளந்து, அடியில் மரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மரம் இருப்பின், அல்லது மேல்மாடி வளைவில் வெடிப்பு இருப்பின், தொடக்கநிலையாளர் பணியை நிறுத்தி, தேர்ந்த கொத்தனாரையும் உள்ளூராட்சியின் கட்டிடக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் நாடுதல் வேண்டும்.
# அடித்தளம் போதாதெனில், சட்டம் அடித்துப் புதிய கான்கிரீட் இட்டு, ஈரம் காத்து முற்ற விட வேண்டும். கான்கிரீட்டின் வலிமை வழக்கமாக 28ஆம் நாளில் கணிக்கப்படுகின்றது.
# மேற்பரப்பை இரசமட்டம் கொண்டு சமப்படுத்த வேண்டும்.
# ஓடுகளை முதலில் ஒட்டாமல் அடுக்கிப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் அடுக்கினால், வெட்டிய துண்டுகள் ஓரங்களில் சமமாக அமையும்.
# வெப்பம் தாங்கும், நெகிழ்வுள்ள ஒட்டுக்கலவையைப் பற்கள் கொண்ட கரண்டியால் பரப்பி, அடியில் வெற்றிடம் இல்லாதவாறு ஓடுகளை அழுத்திப் பதிக்க வேண்டும்.
# ஒட்டுக்கலவை இறுகிய பின், வெப்பம் தாங்கும் கலவையால் இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

வெப்பத்தின் விளைவு

1 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டின் வெப்பநிலை 80 பாகை செல்சியசு உயர்ந்தால், அது ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளும். அதே நிலையில் பீங்கான் ஓடு ஏறத்தாழ 0.5 மி.மீ. மட்டுமே நீளும். இவ்வேறுபாட்டை விறைப்பான ஒட்டுக்கலவை தாங்காது. ஓடு பெயரும் அல்லது வெடிக்கும். சாதாரணச் சிமெண்ட், ஏறத்தாழ 400 பாகைக்கு மேல் வேதிச் சிதைவுற்று வலிமை இழக்கத் தொடங்குவதால், நெருப்பு நேரடியாகப் படும் உள்தளத்துக்கு ஏற்றதன்று. கலவையில் எஞ்சிய ஈரம் திடீர் வெப்பத்தில் ஆவியாகி வெடிப்புகளை உண்டாக்கும். ஆகவே தளம் முழுதும் உலர்ந்த பின்னர், முதலில் சிறு நெருப்பு மூட்டி, வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

பாதுகாப்பு

ஐக்கிய இராச்சியத்தில் கல்நார்ப் பயன்பாடு 1999இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடுகளில், அடுப்பை அடைத்த பலகைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஐயமிருப்பின், உடைக்கும் முன் சோதிக்க வேண்டும். ஓடு வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு தருவது. நீர் தெளித்து வெட்டுவதும் தகுந்த முகமூடி அணிவதும் தேவை.

அலங்காரத்துக்காக மட்டும் தளம் அமைப்போர் சிலர், மரப்பலகையின் மேலேயே ஓடு பதிப்பதுண்டு. பின்னர் அவ்வீட்டுக்குக் குடிவருவோர் ஓட்டை மட்டுமே காண்பர். அதன் அடியில் மரம் இருப்பதை அறியாமல் நெருப்பு மூட்டக்கூடும். எனவே, நெருப்பு மூட்டத் தகாத தளமாயின், அடுப்பின் வாயையும் புகைபோக்கியையும் உரிய காற்றோட்டத்துடன் அடைத்து, அச்செய்தியை வீட்டு ஆவணங்களில் எழுதி வைத்தல் வேண்டும்.