நாலரை அங்குலம்: எம்ஜிபி காரின் சில்லுகள் சொல்லும் வரலாறு

பழைய எம்ஜிபி ஒன்று விற்பனைக்கு எண்டு படம் வந்தால் நாங்கள் முதலில் அதின்ர சில்லைத்தான் பார்ப்பம். 1962 இலிருந்து 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் இது. இன்றைக்கு ஓடுகிறவற்றில் கனக்க, தொழிற்சாலையில் பூட்டின சில்லோடு இல்லை. கம்பிச் சில்லைக் கழற்றிவிட்டு அலோய் பூட்டியிருப்பார்கள். வடிவுக்காகப் பூட்டினவர்களும் உண்டு, பயத்தில் பூட்டினவர்களும் உண்டு. எங்களுக்குப் பிடிச்ச பகுதி அந்தப் பயம். அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கு.

இந்தக் கார் எங்களுக்கு முழு அந்நியமும் இல்லை. எம்ஜிபியின் என்ஜின், பிஎம்சி கொம்பனியின் 'பி' வரிசை என்ஜின். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்குள்ளும் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டுக்குள்ளும் இருந்தது அதே குடும்பம்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடிச்சுக்கொண்டு யாழ்ப்பாண வீதிகளில் ஓடின பழைய பிரித்தானியக் கார்களின் சொந்தக்காரன் எண்டு வையுங்கோ.

முதலில் கம்பிச் சில்லு. கழற்றிப் பூட்டக்கூடிய கம்பிச் சில்லைக் காருக்குக் கொண்டுவந்தது கொவன்ரியில் இருந்த ரட்ஜ்-விற்வேர்த் என்கிற சைக்கிள் கொம்பனி. அதனால் சைக்கிள் சில்லின் தத்துவம் அப்படியே காருக்குள் வந்தது. ஒவ்வொரு கம்பியும் இழுவிசையில் நிற்கும், எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். சில்லின் நடுக்குடத்துக்குள் பல் வெட்டியிருக்கும். அது அச்சின் பல்லோடு கோர்க்கும். வெளியே ஒரேயொரு பெரிய நட்டு. செப்புச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழரும். ஓட்டப்பந்தயத்தில் ரயர் மாற்ற இதைவிட வேகமான வழி அப்போது இருக்கவில்லை.

இதில் ஒரு நுட்பம். இடப்பக்க நட்டுக்கு வழமையான வலம்புரி. வலப்பக்க நட்டுக்கு இடம்புரி. சில்லு முன்னோக்கி உருளும்போது நட்டு தானாகவே இறுகுகிற பக்கம் நகரவேண்டும் என்பதற்காக அப்படி. நட்டின் முகத்திலேயே எந்தப் பக்கம் கழற்றவேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அச்சைத் திருத்துகிறபோது இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓட நட்டு கழன்றுகொண்டே போகும்.

கம்பிச் சில்லு மெல்ல மெல்லக் கெடுகிற சாமான். கம்பிகள் தளரும், பற்கள் தேயும். பல் முழுக்கத் தேய்ந்துவிட்டால் பிரேக் அச்சைப் பிடிக்கும், சில்லு தன்பாட்டில் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் குரோம் பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

வார்ப்பு உலோகச் சில்லு இதற்கான மாற்றாக வந்தது. 1924 ஓகஸ்டில் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிறியில் புகாட்டி தன்னுடைய டைப் 35 ஐ இறக்கியது. எட்டு ஆரங்கள் கொண்ட அலுமினியச் சில்லு, பிரேக் உருளையும் அதோடயே சேர்ந்தது. அன்றைக்கு ரயர்கள் உரிந்துபோக, வெற்றி அல்ஃபா றோமியோவுக்குப் போனது. ஆனால் இன்றைக்கும் புகாட்டி என்றால் அந்தச் சில்லுதான் மனசில் வரும். பிறகு வேகமாகப் போவோம்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இண்டியானாபொலிஸில் ஹலிபிராண்டின் மக்னீசியம் சில்லுகள், 1954 இல் ஜகுவார் டி-டைப்பில் டன்லொப்பின் தட்டு வடிவ அலோய், 1960களில் மினி கார்களில் மினிலைட், 1966 இல் போர்ஷ 911 எஸ் இல் ஃபூக்ஸ் நிறுவனத்தின் அடித்துருவாக்கின ஐந்திதழ்ச் சில்லு. நோக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வில்லுக்குக் கீழே தொங்குகிற பாரத்தைக் குறைத்தால் ரயர் வீதியை விடாமல் பிடிக்கும்.

பந்தயக்காரர் மக்னீசியத்தை விரும்பினது அது அலுமினியத்தையும்விட லேசு என்பதால். அவர்களுக்கு ஒரு பருவம் உழைத்தால் போதும். வீதியில் ஓடுகிறவனுக்கு அப்படியில்லை. ஈரமும் உப்பும் பட்டால் மக்னீசியம் அரிக்கும், பூச்சுக்கு அடியில் வெடிப்பு ஓடும். ஐம்பது வருடப் பழைய மக்னீசியச் சில்லை 'அசல்' எண்டு பெருமையாக வாங்கிறவை அதைச் சுவரில் மாட்டி வைக்கிறதுதான் நல்லம் என்பது எங்கட அபிப்பிராயம். ஓட்டத்தான் வேணும் எண்டால் பூச்சை உரித்து, வெடிப்புக் காட்டுகிற சாயம் பூசிப் பார்த்துவிட்டு ஓடவேணும்.

அபிங்டனுக்கு அடுத்த அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1965 இல் றால்ஃப் நேடர் கார் கொம்பனிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தோலுரித்து ஒரு புத்தகம் எழுதினார். 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த 211 ஆம் இலக்க விதி, 1968 ஜனவரி 1 முதல் சிறகு நீட்டிய சில்லு நட்டுகளைத் தடைசெய்தது. நடந்துபோகிறவரின் காலையோ சைக்கிள்காரரையோ அது கொழுவி இழுக்கலாம் என்பது காரணம். எம்ஜிபியின் பெரிய சந்தையே அமெரிக்காதான். அதனால் அங்கே போன கார்களுக்கு எண்கோண நட்டு வந்தது. 1996 இல் அந்த விதி நீக்கப்பட்டது. இப்போது அதே சிறகு நட்டை 'கிளாசிக்' எண்டு திரும்ப விற்கினம்.

1969 கடைசியில் வந்த ரோஸ்டைல் சில்லைப் பார்த்து ஏமாறாதேங்கோ. அது அலோய் மாதிரி நடிக்கிற இரும்பு. உண்மையில் பாரத்துக்கு விடை தேடினது 1973 இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8. றோவரின் 3.5 லீற்றர் என்ஜினைப் போட்ட பிறகு அதற்குக் கம்பிச் சில்லு கொடுக்கப்படவில்லை. டன்லொப் செய்த கலப்புச் சில்லு பூட்டினார்கள். நடுப்பகுதி அலோய், விளிம்பு இரும்பு.

இனித் தலைப்புக்கு வருவம். கம்பி இல்லாத எம்ஜிபி சில்லுக்கு நாலு நட்டு. அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் நாலரை அங்குலம், மில்லிமீற்றரில் 114.3. இந்த இலக்கம் ஜப்பான் கார்க்காரருக்கு நல்ல பழக்கம், ஏனெண்டால் அங்கேயும் கனக்கக் கார்களுக்கு இதே அளவு. உடனே 'ஜப்பான் அலோய் அப்படியே பூட்டலாம்' எண்டு சொல்லுவினம். துளை பொருந்தும். மற்றதெல்லாம் பொருந்தாது. இன்றைய முன்சில்லு இழுவைக் கார்களின் சில்லு 40 மில்லிமீற்றர் அளவுக்கு உள்வாங்கி உட்காரும்படி செய்யப்பட்டது. எம்ஜிபிக்கு அது கூட. பின்பக்கம் ரயர் உள்ளுக்குப் போய் இலைவில்லை உரசும். அதைத் தவிர்க்க இடையில் தட்டு வைப்பினம். தட்டு வைத்தால் நட்டுப் பிடிக்கிற புரியின் நீளம் குறையும். எம்ஜிபியின் போல்ட் அரை அங்குலத் தடிப்பு, அங்குலத்துக்கு 20 புரி. தடிப்பளவு நீளமாவது நட்டுப் பிடிக்கவேண்டும் என்பது பொது விதி. அப்படியென்றால் பத்து முழுச் சுற்று. நட்டைக் கையால் சுற்றி எண்ணிப் பார்க்கலாம். பத்துக்கு முன்னால் இறுகினால் அந்தச் சில்லை விட்டுவிடுங்கோ. ஜப்பான் நட்டை அதில் பூட்டவும் ஏலாது. அது 12 மில்லிமீற்றர், இது 12.7.

மினிக்கு இதைவிட மோசமான பொறி. அதின்ர வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6. இன்றைய சின்னக் கார்களின் சில்லு 100. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தானே என்று இழுத்துப் பூட்டிறவை இருக்கினம். பூட்டுப்படும். போல்ட்டுகள் வளைந்தபடி நிற்கும், நட்டு தன் இருக்கையில் முழுசாக உட்காராது. பிறகு ஒருநாள் போல்ட் அறும்.

நட்டின் இருக்கையும் அப்படித்தான். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை. உருண்டை இருக்கைக்குக் கூம்பு நட்டைப் பூட்டினால் தொடுவது ஒரு மெல்லிய கோடு மட்டும். கம்பிச் சில்லுக் காரை அலோய்க்கு மாற்றுகிறவர் இன்னொன்றையும் பார்க்கவேணும். அதின்ர பின்அச்சு இரும்புச் சில்லுக் காரின் அச்சைவிட ஒடுக்கம். குடத்தை மட்டும் மாற்றினால் சில்லு உள்ளுக்கு நிற்கும்.

பூட்டுகிற அன்றைக்குக் குடத்தின் முகத்தில் துருவோ பெயின்றோ இருக்கக் கூடாது. எதிரெதிர் நட்டுகளை மாறிமாறி இறுக்கி, காரைக் கீழே இறக்கி, ரோர்க் ஸ்பனரால் சொல்லப்பட்ட அளவுக்கு முடிக்கவேணும். 50 தொடக்கம் 80 கிலோமீற்றர் ஓடின பிறகு, சில்லு ஆறினவுடன், திரும்ப ஒருக்கால் அதே அளவுக்கு வைத்துப் பார்க்கவேணும். புது அலோயில் நட்டு இன்னும் கொஞ்சம் இறுகக்கூடும்.